இரண்டாம் ஆண்டில் என்ன ஆகும்?

(பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு, மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இது கடிதங்கள் வரும் பருவம். மார்க் வெளிவந்த கையோடு தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி என்று வரத் தொடங்கிவிடும். "உங்கள் மகளின் மதிப்பெண்ணைப் பாராட்டி, கல்விக் கட்டணத்தில் 50 சதவீதம் உதவித்தொகையாக வழங்குகிறோம். பத்து நாட்களுக்குள் முன்பணம் செலுத்தி இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்" என்று இருக்கும். வீட்டில் மகிழ்ச்சி. உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போகும். போகட்டும். பிள்ளை உழைத்து வாங்கிய மார்க்குக்குக் கிடைத்த மரியாதை அது, கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் எல்லோரும் படிப்பது அந்த 50 சதவீதத்தை. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில், உதவித்தொகைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். கையில் ஒரு கடிதம் கொடுத்தால் நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தை. உதவித்தொகை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்வதற்கான நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் அங்கேதான் போட்டிருப்பார்கள். நான்கு ஆண்டுப் படிப்பில் முதல் ஆண்டு உதவி நிச்சயம். மீதி மூன்று ஆண்டுகளும் அந்தக் கடைசிப் பக்கத்தின் கையில் இருக்கின்றன. அதைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் யாரும் முன்பணம் கட்டக் கூடாது. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உதவித்தொகை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் பணம் வரும் வழி ஒன்றல்ல. அரசு தரும் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பல்கலைக்கழகம் தருவதாகச் சொல்வது பெரும்பாலும் பணமே இல்லை; கட்ட வேண்டிய கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்கிறார்கள். இரண்டும் நல்லவையே. ஆனால் இரண்டும் கைவிட்டுப் போகும் விதம் வேறு. அரசு உதவி பெரும்பாலும் விண்ணப்பத்தில் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகச் சலுகை மதிப்பெண்ணில் நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழகச் சலுகையை எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன், எந்த நிறுவனத்தையும் குறித்து அல்ல. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம். விடுதியும் சாப்பாடும் 1 லட்சத்து 10 ஆயிரம். தேர்வுக் கட்டணம், ஆய்வகம், நூலகம், இதர கட்டணங்கள் என்று 30 ஆயிரம். மொத்தம் 3 லட்சத்து 40 ஆயிரம். கடிதத்தில் இருப்பது "கல்விக் கட்டணத்தில் 50 சதவீதம்". அதாவது 1 லட்சம். நீங்கள் கட்டப்போவது 2 லட்சத்து 40 ஆயிரம். பாதிச் செலவு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறோம். உண்மையில் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இரண்டாம் ஆண்டில் அந்தச் சலுகையும் நின்றுபோனால், மீதி மூன்று ஆண்டுகளில் கூடுதலாக 3 லட்சம் வேண்டும். அந்த 3 லட்சம் எந்தக் குடும்பத்தின் திட்டத்திலும் இருக்காது.

இன்னொன்று, கடிதத்தில் சதவீதம் போட்டிருக்கிறதா, தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஆண்டு கல்விக் கட்டணம் 2 லட்சத்து 20 ஆயிரமாக உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "50 சதவீதம்" என்று எழுதியிருந்தால் 1 லட்சத்து 10 ஆயிரம் கழியும். "ரூபாய் 1 லட்சம்" என்று எழுதியிருந்தால் 1 லட்சம்தான் கழியும். உயர்ந்த 20 ஆயிரமும் உங்கள் தலையில். ஒரே சலுகை மாதிரித் தெரிகிற இரண்டு கடிதங்கள் நான்காம் ஆண்டில் வெகுதூரம் விலகிப் போயிருக்கும்.

இப்போது மதிப்பெண் நிபந்தனைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

"சலுகை தொடர 8.5 சிஜிபிஏ இருக்க வேண்டும், அரியர் இருக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். பிளஸ் டூவில் 95 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு 8.5 என்பது பெரிதாகவே தெரியாது. 85 சதவீதம்தானே என்று அப்பாவும் சொல்வார். ஆனால் அந்த 8.5, எண்பத்தைந்து மார்க் அல்ல. நம் மாநிலத்திலும் வெளியிலும் பல நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களில் ஒப்பீட்டு முறையில்தான் கிரேடு போடுகிறார்கள். வகுப்பின் சராசரி எங்கே நிற்கிறது, அதிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே இருக்கிறீர்கள் என்பதை வைத்து கிரேடு. வகுப்பு முழுவதும் நன்றாக எழுதிவிட்டால், 80 மார்க் வாங்கியவருக்கும் நடுத்தர கிரேடுதான் வரும். உங்கள் பிள்ளையோடு அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அதே மாதிரிக் கடிதம் பெற்று வந்த மற்ற முதல் மதிப்பெண்காரர்கள். எல்லோருக்கும் 8.5 வேண்டும், ஆனால் சராசரிக்கு மேலே எல்லோரும் நிற்க முடியாது.

இது எங்கோ கற்பனையில் நடப்பதல்ல. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இதே கதை பெரிய விவாதமானது. அங்கே பல சட்டக் கல்லூரிகள் முதல் ஆண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, குறிப்பிட்ட கிரேடு சராசரி இருந்தால் மட்டுமே அடுத்த ஆண்டு தொடரும் என்று நிபந்தனை வைத்திருந்தன. அதே கல்லூரிகள் முதல் ஆண்டு வகுப்புகளின் சராசரி கிரேடு இவ்வளவுக்குள்தான் இருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தேர்வு எழுதுவதற்கு முன்பே ஒரு பகுதி மாணவர்கள் உதவித்தொகையை இழப்பது உறுதி. யார் என்பது மட்டும்தான் தெரியாது. 2011-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் டேவிட் சீகல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கல்லூரியில் முதல் மாணவராக இருந்து பழகியவர்கள், எல்லோரும் முதல் மாணவர்களாக இருக்கும் வகுப்புக்குள் வரும்போது என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் விதியைத் திருத்தியது. நிபந்தனையுடன் உதவித்தொகை பெற்று எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது குறைந்தது அல்லது நின்றது என்று ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஆக்கியது. சேரப் போகும் மாணவர் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாதாரண அட்டவணைதான். ஆனால் அதற்கு இருக்கும் வலிமை எந்த விளம்பரத்துக்கும் கிடையாது.

நம் ஊரிலும் இது வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விளம்பரத்தில் "கோடிக்கணக்கில் உதவித்தொகை" என்று அச்சடிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், முதல் ஆண்டு பெற்றவர்களில் நான்காம் ஆண்டு வரை தக்கவைத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அப்படி ஒரு கட்டாயம் வரும்வரை பெற்றோர்தான் கேட்க வேண்டும். சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள்: "சார், போன வருஷம் இந்தச் சலுகையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த வருஷமும் தொடர்கிறது?" நேர்மையாக நடத்தும் இடத்தில் பதில் வரும். பதில் சொல்லாமல் மழுப்பினால், அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

சிஜிபிஏ கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அது கூட்டுச் சராசரி. ஒருமுறை கீழே போனால் மேலே ஏற்றுவது ஒவ்வொரு ஆண்டும் கடினமாகும். ஒவ்வொரு ஆண்டும் 40 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் 8.0 இருக்கும் மாணவர் இரண்டாம் ஆண்டு முடிவில் 8.5-ஐத் தொட வேண்டுமானால், இரண்டாம் ஆண்டில் மட்டும் 9.0 எடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டும் 8.0-இலேயே நின்றுவிட்டால், மூன்றாம் ஆண்டில் 9.5 எடுத்தால்தான் 8.5 வரும். அதனால் "8.5" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. அது அந்தந்த ஆண்டின் மதிப்பா, கூட்டுச் சராசரியா? ஒவ்வொரு செமஸ்டரும் பார்ப்பார்களா, ஆண்டுக்கு ஒருமுறையா? ஒருமுறை இழந்துவிட்டால், அடுத்த ஆண்டு மதிப்பெண் உயர்ந்ததும் திரும்பக் கிடைக்குமா, இல்லை, போனது போனதுதானா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். அங்கே 'ஹோப்' என்று ஓர் உதவித்தொகை 1993 முதல் இருக்கிறது. மாநில லாட்டரி வருமானத்திலிருந்து தருகிறார்கள். 3.0 கிரேடு சராசரி வேண்டும். ஆனால் அதை எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. 30, 60, 90 கிரெடிட் மணி முடியும் கட்டங்களில் பார்க்கிறார்கள். ஒரு கட்டத்தில் இழந்தவர், அடுத்த கட்டத்தில் சராசரியை உயர்த்திக் காட்டினால் ஒருமுறை திரும்பப் பெறலாம். முதல் ஆண்டில் தடுமாறுவது பதினேழு, பதினெட்டு வயதில் இயல்பு. ஊர் மாறியிருக்கும், மொழி மாறியிருக்கும், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் முழுவதும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டவே சரியாக இருக்கும். அந்தத் தடுமாற்றத்துக்கு நான்கு ஆண்டுத் தண்டனை கொடுக்காத விதியே நல்ல விதி.

அதே ஜார்ஜியாவில் இன்னொரு பக்கமும் தெரிந்தது. கார்ன்வெல், லீ, மஸ்டர்ட் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கிரேடு போய்விடுமோ என்ற அச்சத்தில் மாணவர்கள் ஒரு செமஸ்டரில் எடுக்கும் பாடங்களைக் குறைத்துக்கொண்டார்கள். நடுவில் பாடங்களைக் கைவிடுவது கூடியது. கடினமான அறிவியல், கணிதப் பாடங்களிலிருந்து மாணவர்கள் விலகக் கூடாது என்று பிற்பாடு அந்த மாநிலமே சட்டம் திருத்தி, 2017 முதல் குறிப்பிட்ட அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களில் எடுக்கும் கிரேடுக்கு அரைப் புள்ளி கூட்டிக் கணக்கிடத் தொடங்கியது. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதுப்பிப்பு நிபந்தனை பணத்தை மட்டும் தொடுவதில்லை. பிள்ளை என்ன படிக்கத் துணிகிறாள் என்பதையும் அது தீர்மானிக்கிறது. 8.5-ஐக் காப்பாற்றுவதற்காக, விருப்பமான கடினமான பாடத்தை விட்டுவிட்டுச் சுலபமான பாடத்தை எடுக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சலுகை காப்பாற்றப்பட்டது. படிக்க வந்தது என்னவோ அது விடுபட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஊக்குநர். கையில் மகளுக்கு வந்த கடிதம். பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் அட்டை, மார்க் ஷீட் ஜெராக்ஸ் எல்லாவற்றோடும் சேர்த்து வைத்திருந்தார். மகள் முழுக் கடிதத்தையும் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் என்னிடம் கேட்டது: "சார், மார்க் குறைஞ்சா சலுகை முழுசும் போயிடுமா, இல்ல கொஞ்சம் குறையுமா? அது இதுல எங்க போட்டிருக்கு?" கடிதத்தில் எங்குமே இல்லை. பத்து ஆண்டுகளாகக் குழுவின் கடன் பேரேட்டைப் பார்க்கும் பெண். தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். பட்டம் பெற்ற பலர் கேட்காத கேள்வியை அவர் கேட்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது: 8.5-க்குக் கீழே வந்தால் பாதியாகக் குறையும், 7.5-க்குக் கீழே முழுவதும் நிற்கும் என்று. அந்தப் பதிலை அச்செடுத்துக் கடிதத்தோடு பின் செய்து வைக்கச் சொன்னேன். இரண்டாம் ஆண்டில் அந்தப் பெண்ணுக்கு 8.2 வந்தது. கணக்குப் பிரிவில் முழுக் கட்டணத்துக்குச் சலான் போட்டுவிட்டார்கள். அம்மா அந்த மின்னஞ்சல் அச்சை எடுத்துக் காட்டினார். சலான் மாறியது.

இதனால்தான் சொல்கிறேன், வாய்மொழி உறுதி எதையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். சேர்க்கைப் பருவத்தில் உங்களோடு போனில் பேசும் ஆலோசகர் நல்லவராகவே இருப்பார். ஆனால் உங்கள் பிள்ளை இரண்டாம் ஆண்டுக்குப் போகும்போது அவர் அந்த வேலையில் இருக்க மாட்டார். "நாலு வருஷமும் கண்டிப்பா வரும் சார்" என்று சொன்னால், "அதை மெயிலில் அனுப்புங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். சேரும் ஆண்டின் விதிப் புத்தகத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். "விதிகளை மாற்றும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த மாற்றம் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் பொருந்துமா என்று அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

பொறியியல் படிக்க நினைக்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் மாநிலத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் இட ஒதுக்கீடும் கவுன்சிலிங் வழிதான். அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசு ஏற்றுக்கொள்கிறது. கவுன்சிலிங் தொடங்கும் முன்பே "உதவித்தொகையோடு மேனேஜ்மென்ட் சீட் தருகிறோம், இந்த வாரமே முன்பணம்" என்று வரும் அழைப்பை ஏற்றுக்கொண்டால், இந்த உரிமைகளை நாமே விட்டுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். எதை வாங்குகிறோம் என்பதோடு எதை விடுகிறோம் என்பதையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் பதறாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு, கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாட்களுக்குள் 80, 30 நாட்களுக்குள் 50. அதன் பிறகு கிடையாது. அதே அறிவிக்கை, மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மார்க் ஷீட் அசலைக் கொடுத்துவிட்டோமே என்று பயந்து விருப்பமில்லாத இடத்தில் நான்கு ஆண்டு இருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இனி அரசு உதவித்தொகை. இங்கே மதிப்பெண் நிபந்தனை பெரும்பாலும் மென்மையானது. மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் மத்தியத் துறை உதவித்தொகையைப் பாருங்கள். தங்கள் வாரியத்தில் 80-ஆம் பெர்சன்டைலுக்கு மேல் வந்தவர்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள். அதில் பாதி பெண்களுக்கு. பட்டப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். பி.டெக் போன்ற படிப்பில் நான்காம் ஆண்டுக்கும் 20,000. புதுப்பிக்க வேண்டுமானால் ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் போதும். ராகிங் போன்றவற்றுக்கான ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இருக்கக் கூடாது. இவ்வளவுதான். மாணவிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதுவும் அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றுப் போனால் தொடரும்.

ஆனாலும் நிற்கிறது. ஏன்? புதுப்பிப்பு விண்ணப்பம் போடாததால். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறை கிடைத்தால் அது தானாக ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். வராது. ஒவ்வோர் ஆண்டும் 'புதுப்பித்தல்' என்ற இடத்தில் போய் விண்ணப்பிக்க வேண்டும். போன ஆண்டு மதிப்பெண்ணை ஏற்ற வேண்டும். பிறகு கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்க்க வேண்டும். அதன் மேல் மாநில அளவிலும் சரிபார்ப்பு உண்டு. கல்லூரியில் அந்த வேலையைச் செய்பவர் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களோடு கடைசி நாளில் சர்வரோடு போராடிக்கொண்டிருப்பார். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். விண்ணப்பம் போட்டதோடு நிற்காமல், அதன் நகலை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், "சார், என்னுடையது சரிபார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள். அது தொந்தரவு அல்ல. குறை இருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தால், தளத்தில் ஒரு வரியில் காரணம் இருக்கும். கெடு முடிவதற்குள் திருத்தி அனுப்பலாம். அந்த வரியைப் பார்க்காமலே விட்டவர்கள்தான் என் மேசைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", வங்கிப் புத்தகத்தில் "கார்த்திக் சுப்பிரமணி" என்று அப்பா பெயரோடு. மூன்றும் ஒரே பையன்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இந்த விடுமுறையிலேயே மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, மார்க் ஷீட்டில் இருப்பது போல மற்றவற்றை மாற்றிவிடுங்கள். வங்கி விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது, ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். கல்லூரிக்குப் பக்கத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்கி அங்கே ஆதாரை இணைத்துவிட்டு, பழைய கணக்கில் பணம் வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஏராளம்.

ஒன்றுக்கு மேல் உதவி பெறலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. புதுமைப் பெண் திட்டத்தை அறிவித்தபோதே, வேறு உதவித்தொகை பெறும் மாணவிகளும் இதைக் கூடுதலாகப் பெறலாம் என்று அரசு சொன்னது. ஆனால் மத்தியத் துறை உதவித்தொகை பெறுபவர் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறக் கூடாது என்று அதன் விதி சொல்கிறது. ஒரு திட்டம் அனுமதிப்பதால் மற்றது அனுமதிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பக்க விதியையும் படிக்க வேண்டும். மறைத்து இரண்டையும் வாங்கினால் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பணம் செலவாகியிருக்கும்.

பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பற்றியும் சொல்லியாக வேண்டும். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு உரியது. பட்டியல் இன மாணவர்களுக்கு இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். மத்தியப் பங்கு இப்போது நேரடியாக மாணவர் கணக்குக்கே வருகிறது. பணம் தாமதமாக வரும்போது, கட்டணம் கட்டினால்தான் தேர்வு எழுத விடுவோம் என்று சில இடங்களில் நெருக்குகிறார்கள். அப்போது தனியாக நின்று தவிக்காதீர்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பணம் வந்ததும் அது கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணம் என்பதை மறந்து வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடாதீர்கள். கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆண்டுக்கான சரிபார்ப்பிலேயே சிக்கல் வரும்.

ஆராய்ச்சி வரை போக நினைக்கும் பிள்ளைகள் இங்கே சிலர் இருப்பீர்கள். அங்கேயும் இதே கதைதான். யுஜிசி, சிஎஸ்ஐஆர் தரும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்ததும் ஒரு குழு உங்கள் வேலையை மதிப்பிடும். அதில் திருப்தி என்றால்தான் முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகையாக உயர்ந்து 42,000 ஆகும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களுக்கு ஒரு சிறு தகவல்: அங்கே பட்டமேற்படிப்புக்கு நிதி உதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என, நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. மற்ற கடிதங்கள் வரும்வரை காத்திருந்து, நிபந்தனைகளை ஒப்பிட்டு முடிவெடுக்க மாணவருக்கு நேரம் வேண்டும் என்பதற்காகவே அந்தத் தேதி. நம் ஊர்ப் "பத்து நாளுக்குள் முன்பணம்" கடிதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏப்ரல் 15 நினைவுக்கு வருகிறது. இங்கும் அப்படி ஒரு பொதுத் தேதி இருந்தால், அவசரத்தில் எடுக்கும் எத்தனையோ முடிவுகள் தவிர்க்கப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் சலுகை நின்றுபோகலாம். அப்போது என்ன செய்வது? முதலில், பிள்ளையைத் திட்டாதீர்கள். 8.4 வாங்கியவள் படிக்காதவள் அல்ல. இரண்டாவது, உடல்நலக் குறைவோ வீட்டில் இழப்போ காரணமாக இருந்தால், மருத்துவச் சான்றோடு பதிவாளருக்கு மனுக் கொடுங்கள். ஒரு செமஸ்டர் அவகாசம் கொடுத்து மீண்டும் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கடன் தேவைப்பட்டால், 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீதம் அரசு உத்தரவாதம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனில் படிக்கும் காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. கந்து வட்டிக்குப் போவதற்கு முன் வங்கிக்குப் போங்கள். கட்டணம் கட்ட முடியவில்லை என்று சொல்லாமலே பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டுவிடும் பெற்றோர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அலுவலகத்தில் சொன்னால் தவணை கேட்கலாம், இன்னொரு திட்டத்தைத் தேடலாம். சொல்லாமல் போனால் எங்களுக்கு எதுவும் செய்ய வழியில்லை.

இன்று கடிதத்தைக் கையில் கொண்டுவந்திருப்பவர்கள் யாரும் உடனே கிளம்ப வேண்டாம். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். உட்கார்ந்து படிப்போம். கடிதத்தில் பதில் இல்லாத கேள்விகளுக்கு இங்கிருந்தே மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிடுவோம்.